கஞ்சி போட்ட சட்டையின் சத்தம்

ஜலாலுதீனுக்கு உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் தன்னுடைய சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பெஞ்சு ஆடும். டீக்கடையில் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் தன் கிளாஸைக் கையில் தூக்கிக்கொள்வான். பிறந்ததிலிருந்தே அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வருஷமாகத்தான் இந்த வியாதி. நாளைக்கூடச் சொல்லிவிடலாம். எண்பத்தைந்தாம் வருஷம் மே மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, திருபுவனை மைதானத்தில் அவர் ஒரு கொடியைத் தூக்கினார் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது.

அவர் கராத்தே ஜட்ஜ். சிரிக்காதீர்கள். பஞ்சர் ஒட்டுகிற கைதான், ஆனால் அந்தக் கை ஒரு காலத்தில் நாலு கூரை ஓடுகளை ஒரே குத்தில் உடைத்த கை. முழங்கால் ஒருநாள் திரும்பிக்கொண்டு அவரைக் களத்திலிருந்து வெளியே அனுப்பிய பிறகு, சுப்பராயலு மாஸ்டர் அவருக்கு ஒரு விசிலும் சிவப்பு ஒன்று வெள்ளை ஒன்றாக இரண்டு கொடியும் கொடுத்து மூலை ஜட்ஜாக உட்கார வைத்தார். வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் அந்தக் கொடியைத் தொடுகிற தகுதி ஐந்து பேருக்குத்தான் உண்டு. அதில் ஒருவர் என்று அவருக்குப் பெருமை. இருக்காதா பின்னே?

இந்தக் கராத்தே தொட்டுத் தொட்டுப் புள்ளி எண்ணுகிற கராத்தே கிடையாது. கையில் உறை கிடையாது. முகத்தில் குத்தக்கூடாது, ஆனால் காலால் உதைக்கலாம். மற்றபடி தொடை, விலா, வயிறு எங்கே வேண்டுமானாலும் நிஜமாகவே அடிக்கலாம். ஒருத்தன் விழுந்து எழுந்திருக்கவில்லை என்றால் ஜட்ஜுக்கு வேலையே இல்லை. மூன்று நிமிஷம் முடிந்தும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தால்தான் வம்பு. அப்போது நாலு மூலையிலும் உட்கார்ந்திருப்பவர்கள் விசில் சத்தத்துக்கு ஒரே நேரத்தில் கொடியைத் தூக்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்று நின்றுவிட்டால் நடுவில் நிற்கும் சுப்பராயலு மாஸ்டர் கையைத் தூக்குவார். அவர் ஜட்ஜுகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான்.

“அடிக்கிறவன பாக்காதீங்கடா. வாங்குறவன பாருங்க. அவன் மூச்சு எங்க போவுது, பாதம் எந்தப் பக்கம் திரும்புது, அத பாருங்க. பொய் சொல்லாதது அந்தப் பாதம் ஒண்ணுதான்.”

பாடம் நன்றாகத்தான் இருந்தது. கேட்டவருக்குத்தான் அன்றைக்குக் காது முன்னால் ஓடிவிட்டது.

போன வருஷக் கடைசிப் போட்டியில் ஒரு பக்கம் ஆதிமூலம், சேதராப்பட்டுக்காரன். இன்னொரு பக்கம் செல்லக்கண்ணு, பனித்திட்டிலிருந்து வந்தவன், கடலுக்குப் போகிறவன். வருஷாவருஷம் ஜெயிக்கிறவனுக்குத் திருபுவனையில் குழாய் செய்கிற ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை, நிரந்தரமாக, என்று அந்தக் கம்பெனி மேனேஜரே மைக்கில் சொல்லியிருந்தார். ஆதிமூலம் போட்டிருந்த வெள்ளை உடுப்பு வடித்த கஞ்சியில் முக்கிக் காயப்போட்டது. பலகை மாதிரி நின்றது. அவன் கால் மேலே போனால் போதும், பேண்ட் துணி ‘படார்’ என்று வெடிக்கும். ஜனம் ‘ஓ’ என்று கத்தும். செல்லக்கண்ணு பழைய துணியில் வந்திருந்தான். இடுப்பைத் திருப்பி, தாடையைக் காக்கிற கையை இறக்காமல், எதிராளியின் தொடையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தான். அடித்த கால் அடித்த வேகத்தில் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். சத்தமே கிடையாது. ஜலாலுதீன் ஆதிமூலத்துக்குக் கொடி தூக்கினார். மூன்றுக்கு ஒன்று என்று அவன் ஜெயித்தான்.

தோற்றவன் நேரே அவரிடம்தான் வந்தான். கோபம் இல்லை, அழுகை இல்லை. இருந்திருந்தால் தேவலாம். “பாய், எங்க தப்பு பண்ணேன்? சொல்லுங்க, திருத்திக்கிறேன்” என்றான்.

ஜட்ஜிடம் ஒருத்தன் இப்படிக் கேட்டால் ஜட்ஜுக்கு நாக்கு நீளும். இவருக்கும் நீண்டது. “காலு ஒசரலப்பா. எல்லாத்தையும் தொடையிலேயே வச்சிகினு இருந்தே. மேல தூக்கு. ஒதச்சா சத்தம் கேக்கணும், ஜனத்துக்குத் தெரியணும்.”

செல்லக்கண்ணு தலையாட்டினான். ஒவ்வொரு வார்த்தையையும் மடித்து எடுத்து வைத்துக்கொள்வதுபோல ஆட்டினான்.

அதற்கு அரைமணி நேரம் கழித்துத்தான் பஸ் வந்தது. விழுப்புரத்திலிருந்து பாண்டிக்குப் போகிற பஸ். ஜலாலுதீன் முன்னாலேயே ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டார். செல்லக்கண்ணு ஒரே தாவில் ஏறி முன்னால் போய் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் ஜெயித்த ஆதிமூலம் வந்தான், கழுத்தில் மாலையோடு. முதல் படியில் வலது காலை வைத்தான். இடது கால் தரையை விட்டு வரவில்லை. இரண்டு கையாலும் பேண்டைப் பிடித்துக் காலைத் தூக்கிப் படியில் வைத்தான். உடம்பை இழுத்து ஏற்ற முடியாமல் கம்பியில் தொங்கினான். மாலை நசுங்கியது. கண்டக்டர் அக்குளில் கை கொடுத்து மேலே இழுத்தார்.

வாங்கினவன் யார், கொடுத்தவன் யார் என்று அந்தப் பஸ் படி ஜலாலுதீனுக்குப் பளிச்சென்று சொல்லிவிட்டது. மூன்று சீட்டுக்கு முன்னால் செல்லக்கண்ணுவின் பின்மண்டை தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். ‘தம்பி, நான் சொன்னதை மறந்துடு, உன் காலு சரியான காலு’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவர் கரும்புக் கொல்லையைப் பார்த்துக்கொண்டே வில்லியனூர் வந்து இறங்கினார். சொல்லியிருந்தால் விஷயம் சுப்பராயலு மாஸ்டர் காதுக்குப் போயிருக்கும், கொடி கையை விட்டுப் போயிருக்கும். பயம்தான், வேறென்ன?

வீட்டில் தாஜ் நிஷாவிடம் மட்டும் சொன்னார். அதுவும் மூன்று மாதம் கழித்து, அவள் பிடித்து உலுக்கிய பிறகு. அன்றிலிருந்து அவள் அதை விடவில்லை. இந்த வருஷப் போட்டிக்குக் கிளம்புகிற அன்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

“இன்னாங்க, கால்ல மோட்டார் வச்சிருக்கீங்களா? நாஷ்டா தட்டு நவுந்து நவுந்து பாய் ஓரத்துக்கே வந்துடுச்சு.”

“அந்தப் பையன் இந்த வருஷமும் வர்றானாம்.”

“நல்லதாப் போச்சு. கூப்ட்டு சொல்லிடுங்க, போன வருஷம் தப்பு பண்ணிட்டேன்னு. நாக்கு தேஞ்சா பூடும்?”

“நீ வேற. இருபத்தெட்டு வயசுக்கு மேல கம்பெனியில எடுக்க மாட்டாங்க. அவனுக்கு இதான் கடைசி வருஷம். எப்படியாச்சும் சரி பண்ணிடணும்.”

தாஜ் நிஷா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “எப்படி சரி பண்ணுவீங்க? ஒருத்தன் தட்டுலேர்ந்து அள்ளி இன்னொருத்தன் தட்டுல போடுவீங்களா?”

“போடி, உனக்கு இன்னா தெரியும் கராத்தே?”

“எனக்குக் கராத்தே தெரியாது. உங்கள தெரியும்” என்று சொல்லிச் சட்டையை நீட்டினாள்.

திருபுவனையில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதல் அடி விழுந்தது. கம்பெனி கேட்டில் காக்கிச் சட்டை, தொப்பி, கையில் லத்தியோடு ஆதிமூலம் நின்றிருந்தான். இவரைப் பார்த்ததும் காலைத் தட்டி ஒரு சல்யூட் வைத்தான். “பாய், உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறேன்!” என்று ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். ஜலாலுதீன் கையைத் தூக்கிவிட்டு நடையை எட்டிப் போட்டார்.

இரண்டாவது அடி மைதானத்தில். வேப்ப மரத்தடியில் செல்லக்கண்ணு உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றான். மொடமொடவென்று வெள்ளை வெளேர் என்று உடுப்பு. கையை மடக்கினால் துணி முறுகியது.

“பாய்! பாருங்க” என்று சொல்லி வலது காலை வீசினான். கால் அவன் தலைக்கு மேலே போய் வந்தது. ‘படார்’ என்றது துணி. மரத்தடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அம்மா ரெண்டு நாளா கஞ்சி எடுத்து வச்சுப் போட்டுக் குடுத்துச்சு. ஒரு வருஷம் பாய். கடலுக்குப் போயிட்டு வந்து, படகு வெளிம்புல கால தூக்கி வச்சிகினே நிப்பேன். தொட கிழிஞ்சி போற மாதிரி வலிக்கும். ஊர்ல எல்லாரும் கிண்டல் பண்ணாங்க, இன்னாடா கொக்கு மாதிரி நிக்கிறேன்னு. நீங்க சொன்னீங்க இல்ல, அதான்.”

“நல்லா ஒசருதுப்பா” என்றார் ஜலாலுதீன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார்தான். “தண்ணி குடிச்சியா?” என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்.

காலையிலிருந்து ஒவ்வொருத்தனாக விழுந்து, வெளியேறி, மூன்று மணிக்குக் கடைசிப் போட்டிக்குச் செல்லக்கண்ணுவும் ஆரோக்கியமும் மிஞ்சினார்கள். ஆரோக்கியம் வில்லியனூர்க்காரன், அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். இருபத்தைந்து வயது. ஜலாலுதீன் கடைக்குக் காற்றடிக்க வருவான், வந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான். வைக்கோலைப் பரப்பி மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிய களம். செல்லக்கண்ணு இடுப்பில் சிவப்பு ரிப்பன், ஆரோக்கியம் இடுப்பில் வெள்ளை ரிப்பன். ஜலாலுதீன் தென்மேற்கு மூலையில், மடக்கு நாற்காலியில். கால் ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலி கிரீச் கிரீச் என்றது.

சுப்பராயலு மாஸ்டர் கையை வெட்டினார். ஆட்டம் ஆரம்பித்தது.

முதல் உதையே செல்லக்கண்ணுவுடையது. கால் மேலே போய் ஆரோக்கியத்தின் தோளை உரசிக்கொண்டு போனது. ‘படார்!’ ஜனம் எழுந்துவிட்டது. ஜலாலுதீன் ஆரோக்கியத்தைப் பார்த்தார். வாங்கினவன் கண்ணைக்கூட சிமிட்டவில்லை. மூச்சு அதே மூச்சு. பாதம் அதே இடத்தில். உயரப் போன கால் இறங்கி வர நேரம் எடுத்தது. அந்த நேரத்தில் செல்லக்கண்ணு ஒற்றைக் காலில், விலாவைத் திறந்து போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் நின்றான். ஆரோக்கியம் அரை அடி உள்ளே வந்து, ஊன்றி நின்ற அந்த இடது தொடையில் தாடையைக் காத்தபடி ஒன்று வைத்தான். சத்தம் கேட்கவில்லை. செல்லக்கண்ணுவின் உதடு மட்டும் உள்ளே மடிந்தது.

மறுபடி ‘படார்’. மறுபடி ஜனம். மறுபடி அந்தத் தொடை.

ஜலாலுதீன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். ஐயோ, இது அவன் ஆட்டம்டா! போன வருஷம் செல்லக்கண்ணு ஆடிய ஆட்டத்தைத்தான் இப்போது ஆரோக்கியம் ஆடுகிறான். அதே இடுப்பு, அதே அளவு, அடித்த கால் அடித்த வேகத்தில் திரும்புகிற அதே ஒழுங்கு. அந்த ஆட்டத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆதிமூலத்தின் ஆட்டத்தைச் செல்லக்கண்ணு கையில் கொடுத்தது யார்? ‘கீழ அடிடா, கீழ அடி’ என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஜட்ஜ் கத்தக்கூடாது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஆறாவது அடிக்குச் செல்லக்கண்ணுவின் இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியது. எட்டாவது அடிக்கு அவன் முன்காலை மாற்றி நின்றான், அடிபட்ட காலைப் பின்னால் ஒளித்துக்கொண்டு. அப்படியும் சளைக்கவில்லை, சொல்லிக்கொடுத்ததை விடாமல் வலது காலை மேலே மேலே எறிந்தான். ஒன்றே ஒன்று ஆரோக்கியத்தின் காதோரம் பட்டது. அதுவும் விரல் நுனி. மைதானமே அலறியது. மூன்றாவது நிமிஷத்தில் ஆரோக்கியம் விலாவில் ஒரு குத்து வைத்தபோது செல்லக்கண்ணுவின் முழங்கை தானாகக் கீழே இறங்கி அந்த இடத்தை மூடியது. மணி அடித்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வெள்ளை. கண் தெரியாதவன்கூட வெள்ளை என்பான். ஜலாலுதீன் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். ஒரு வருஷமாகத் தூக்கம் கெட்டு, கடைக்கு வருகிறவன் போகிறவன் பாதத்தையெல்லாம் பார்த்துப் பழகின கண். இந்தத் தடவை காது ஏமாற்றவில்லை, கண் ஏமாற்றவில்லை.

மாஸ்டரின் விசில் அவர் வாய்க்குப் போனது. ஜலாலுதீனின் வலது கையில் வெள்ளைக் கொடி, இடது கையில் சிவப்பு. எதிரே செல்லக்கண்ணு இரண்டு காலையும் சேர்த்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இவரைத்தான் பார்த்தான். நாலு ஜட்ஜில் மூன்று பேரை விட்டுவிட்டு இவரை மட்டும் பார்த்தான், நீங்க சொன்னத பண்ணிட்டேன் பாய் என்கிற மாதிரி. இருபத்தெட்டு வயது. கடைசி வருஷம். இரண்டு நாள் வடித்த கஞ்சி. ஆரோக்கியத்துக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அவனுக்கு என்ன அவசரம்? போன வருஷம் பிடுங்கினதை இன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், அப்புறம் இந்தப் பாழாய்ப்போன கால் ஆடாது.

சுப்பராயலு மாஸ்டர் விசில் ஊதினார். ஜலாலுதீனின் இடது கை மேலே போனது.

சிவப்பு மூன்று, வெள்ளை ஒன்று. மற்ற மூலைக்காரர்கள் இரண்டு பேர் சத்தத்துக்குத் தூக்கினார்கள். இவர் தெரிந்தே தூக்கினார்.

கூட்டம் களத்துக்குள் புகுந்தது. மேனேஜர் மைக்கில் என்னவோ சொல்லி வேலை ஆர்டர் இருந்த ஒரு கவரைச் செல்லக்கண்ணு கையில் கொடுத்தார். ஆரோக்கியம் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனான். செல்லக்கண்ணு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ஜலாலுதீனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “நீங்க சொன்னத அப்டியே பண்ணேன் பாய். அப்டியே பண்ணேன்” என்றான். அழுதான். ஜலாலுதீனுக்கும் கண் கலங்கியது. சரி, தீர்ந்தது என்று நினைத்தார். கீழே பார்த்தார். கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

நாற்காலிகளை மடக்குகிறபோது சுப்பராயலு மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“இன்னா ஜலாலு, எத பாத்தே?”

“காதோரம் ஒண்ணு பட்டுச்சு மாஸ்டர்.”

“பட்டுச்சு. பட்டவன் இன்னா ஆனான்?”

ஜலாலுதீன் கொடித் துணியைச் சுருட்டினார்.

“ரெண்டுக்கு ரெண்டு வந்திருந்தா என் கை வெள்ளைக்குப் போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் தன் ஸ்கூட்டர் பக்கம் போனார்.

பஸ் ஐந்து மணிக்கு வந்தது. ஜலாலுதீன் முதலில் ஏறி, வேண்டுமென்றே வாசலைப் பார்க்காத சீட்டாகத் தேடினார். கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் நடுவாசலுக்கு எதிர் சீட்டுதான். ஆரோக்கியம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு படியையும் ஒரே எட்டில் தாண்டி மேலே வந்தான். கீழே செல்லக்கண்ணு. வலது காலை வைத்தான். இடது கால் வரவில்லை. பேண்டைப் பிடித்து இழுத்தான். கஞ்சித் துணி கையில் வழுக்கியது.

“சீக்கிரம் ஏறுப்பா, ஆட்டுக்கல்லா கட்டி வச்சிருக்கே கால்ல?” என்றார் கண்டக்டர்.

ஆரோக்கியம் திரும்பிக் குனிந்து கையை நீட்டினான். தோற்றவன் கையைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தவன் மேலே வந்தான். ஜலாலுதீன் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் எங்கே போவது? இரண்டு பேரும் அவருக்கு எதிர் சீட்டில்தான் வந்து உட்கார்ந்தார்கள். ஆரோக்கியம் கடையில் வாங்கி வைத்திருந்த ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி, “தொடையில வச்சுக்க, ராத்திரிக்கு வீங்கிடும்” என்று செல்லக்கண்ணுவிடம் கொடுத்தான். பிறகு இந்தப் பக்கம் திரும்பினான்.

“பாய்.”

“சொல்லுப்பா.”

“எங்க தப்பு பண்ணேன்? சொல்லுங்க, அடுத்த வருஷத்துக்குத் திருத்திக்கிறேன்.”

அதே கேள்வி. அட, வார்த்தைகூட மாறவில்லை! பதில் ஜலாலுதீனின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ‘காலு ஒசரலப்பா.’ சொன்னால் போதும். ஆரோக்கியம் தலையாட்டுவான். நாளைக்கே போய் மூட்டை அடுக்கின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பான். அடுத்த வருஷம் வீட்டில் யாராவது கஞ்சி வடிப்பார்கள். எதிரே வேறு ஒருத்தன் இவன் தொடையை உடைப்பான். அப்புறம் இவனுக்கும் ஒரு கொடி தூக்க வேண்டியதுதான். இப்படியே வருஷத்துக்கு ஒருத்தன்.

ஜலாலுதீன் சுருட்டின கொடிகளை மடியிலிருந்து எடுத்துச் சீட்டில் வைத்தார்.

“எதையும் மாத்தாதே” என்றார் ஜலாலுதீன்.

“இன்னா பாய்?”

“உன் ஆட்டத்துல எதையும் மாத்தாதே. நீ ஒரு தப்பும் பண்ணல.”

ஆரோக்கியம் சிரிக்கப் பார்த்தான். “அப்புறம் எப்படித் தோத்தேன்?”

“நீ தோக்கல. நான் தெரிஞ்சே கொடிய மாத்தித் தூக்கினேன். வெள்ளைன்னு எனக்குத் தெரியும். ஒன்னரை நிமிஷத்துலயே தெரியும்.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. யார் தலையிலோ இருந்த கூடை சரிந்தது. ஆரோக்கியம் முகத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது.

“ஏன் பாய்?” என்றான். “நான் உங்களுக்கு இன்னா பண்ணேன்? எனக்கும் அந்த வேலைதான பாய் வேணும். மூட்ட தூக்கித் தூக்கி கழுத்தெலும்பு தேஞ்சு போச்சு.”

“நீ ஒண்ணும் பண்ணலப்பா. போன வருஷம் இவனுக்கு ஒரு அநியாயம் பண்ணிட்டேன். அத தீக்கலாம்னு…”

“உங்க பாவத்த தீத்துக்க நானா கெடச்சேன்?” ஆரோக்கியம் எழுந்தே விட்டான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்தன. அடித்திருந்தால் ஜலாலுதீன் வாங்கிக்கொண்டிருப்பார். அவன் அடிக்கவில்லை.

செல்லக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தான். கையிலிருந்த ஐஸ் துண்டு ஒழுகி சீட்டு நனைந்துகொண்டிருந்தது. கவர் சட்டைப் பையில் இருந்தது.

“போன வருஷம் இன்னா அநியாயம் பாய்?” என்றான்.

அவனுக்குத் தெரியாது. ஒரு வருஷமாகத் தூக்கம் கெட்டவர் இவர். அவனோ தோற்றதை நியாயம் என்றே நம்பி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான். இது இவ்வளவு நாளாக ஜலாலுதீனுக்குத் தோன்றவே இல்லை.

“நீதான் ஜெயிச்சே” என்றார். “ஆதிமூலத்துக்கு அன்னைக்கு இந்தப் படி ஏற முடியல. நான் இங்கதான் உக்காந்து பாத்தேன். நான் சத்தத்துக்குக் கொடி தூக்கிட்டேன்பா.”

“அன்னைக்கேவா பாத்தீங்க?”

“அன்னைக்கே.”

“அப்ப…” செல்லக்கண்ணு தன் காலைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். “கால தூக்குன்னு சொன்னீங்களே?”

இதற்குப் பதிலைத் தாஜ் நிஷா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

“ஒரு வருஷம் பாய்” என்றான் செல்லக்கண்ணு. கத்தவில்லை. “ஒரு வருஷம் அந்தப் படகுல நின்னேன்.”

வில்லியனூர் வந்தது. பாகூர் பஸ்ஸுக்கு அங்கேதான் மாற வேண்டும். செல்லக்கண்ணு சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். ஜலாலுதீன் எழுந்து கையை நீட்டினார். அவன் அந்தக் கையைப் பார்த்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது படியில் கால் மடங்கியது. முன்னால் இறங்கிப் போன ஆரோக்கியம் திரும்பி வந்து, என்னவோ முணுமுணுத்துத் திட்டிக்கொண்டே, அவன் இடுப்பில் கை போட்டுத் தூக்கித் தரையில் நிறுத்தினான்.

தரையில் நின்றதும் செல்லக்கண்ணு ஜன்னலை அண்ணாந்து பார்த்தான்.

“போன வருஷம் என் காலு நல்லாத்தான் இருந்துச்சா பாய்?”

“நல்லா இருந்துச்சுப்பா” என்றார் ஜலாலுதீன். “அந்த மைதானத்துலயே நல்ல காலு உன்னுதுதான்.”

அவன் தலையாட்டினான், போன வருஷம் ஆட்டின அதே மாதிரி. பிறகு ஆரோக்கியத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு, இடது காலைத் தரையில் இழுத்தபடி, பாகூர் பஸ் நிற்கும் பக்கமாகப் போனான். கஞ்சி போட்ட பேண்ட் ஒவ்வொரு எட்டுக்கும் மொடமொடத்தது.

“பாய், எறங்கல? உங்க ஊர் வந்துடுச்சு” என்றார் கண்டக்டர்.